பல மாவட்டத் தேர்தல் முறைமையை அமைவுக் கோப்பில் வரைதல்: யாழ்ப்பாணத் தேர்தல் மாவட்டத்தை ஆதாரமாகக் கொண்ட ஒரு விளக்கம்

2024 ஆம் ஆண்டு நவம்பர் 14 ஆந் திகதி நடைபெற்ற பாராளுமன்றத் தேர்தலில், யாழ்ப்பாணத் தேர்தல் மாவட்டத்தில் தேசிய மக்கள் சக்தி 80,830 வாக்குகளையும் இலங்கைத் தமிழரசுக் கட்சி 63,327 வாக்குகளையும் பெற்றன. முன்னதற்கு மூன்று ஆசனங்களும் பின்னதற்கு ஓர் ஆசனமும் கிடைத்தன. 27,986 வாக்குகளைப் பெற்ற அகில இலங்கைத் தமிழ்க் காங்கிரசும், 27,855 வாக்குகளைப் பெற்ற 17 ஆம் இலக்கச் சுயேச்சைக் குழுவும் தலா ஓர் ஆசனத்தைப் பெற்றன. வாக்குகளில் ஏறத்தாழ ஐந்துக்கு நான்கு என நின்ற இரு கட்சிகள் ஆசனங்களில் மூன்றுக்கு ஒன்று என நிற்பது எவ்வாறு? அறுபத்து மூவாயிரம் வாக்குகளும் இருபத்தேழாயிரம் வாக்குகளும் ஒரே அளவான பிரதிநிதித்துவத்தைப் பெறுவது எவ்வாறு? இம்முறைமைக்கு விகிதாசாரப் பிரதிநிதித்துவம் என்பதல்லவா பெயர்?

எண்ணுதலில் எப்பிழையும் நிகழவில்லை. சட்டம் கூறியவாறே யாவும் நடந்தேறின. ஆயினும் 'சட்டம் அவ்வாறு கூறுகின்றது' என்ற விடை ஆராய்ச்சியாளனுக்குப் போதுமானதாகாது. சட்டத்தின் எந்தச் சொல் எந்த ஆசனத்தை எவரிடமிருந்து எவரிடம் நகர்த்தியது என்பதைப் பிரித்துக் காட்டுதல் வேண்டும். அரசியலமைப்பின் 99 ஆம் உறுப்புரையைப் பற்றி மேடைகளிற் பலமுறை கேட்டிருக்கின்றோமெனினும், அதனை ஒருமுறையேனும் கையாற் கணித்துப் பார்த்தோர் எம்மிடையே மிகச் சிலரே. அண்மையில் நாம் இக்கணிப்பைக் கணினியிடம் ஒப்படைக்க முற்பட்டோம். கணிப்பைச் செய்யும் நிரலை எழுதுவது ஒரு மாலைப் பொழுதுக்குரிய வேலையாகவே இருந்தது. நிரலுக்கு உணவாகும் அமைவுக் கோப்பை எழுதுவதோ வாரக்கணக்கில் நீண்டது. அது ஏன் நீண்டதென்பதை விளக்குவதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

அமைவுக் கோப்பு என்பது யாது? பஞ்சாங்கம் கணிப்போரை நினைவிற் கொள்வோம். சூரிய உதயத்தைக் கணிக்கும் முறை ஒன்றே; யாழ்ப்பாணத்துக்கும் கொழும்புக்கும் மட்டக்களப்புக்கும் மாறுவன அவ்விடங்களின் அகலாங்கும் நெட்டாங்குமே. முறையை ஒரு பக்கத்திலும் இடத்துக்குரிய பெறுமானங்களை வேறொரு பக்கத்திலும் எழுதி வைத்துக்கொள்ளும் கணிதர், புதிய ஊர் ஒன்றுக்குக் கணிக்க வேண்டிவரின் முறையைத் தொடுவதில்லை. பெறுமானப் பக்கத்தில் ஒரு வரியைச் சேர்ப்பர். கணினி நிரலாளரும் இவ்வாறே பெறுமானங்களை நிரலிலிருந்து பிரித்துத் தனியானதொரு கோப்பில் எழுதுகின்றனர். யாமல், ஜேசன் என்பன அவ்வாறு எழுதுவதற்கென வகுக்கப்பட்ட எழுத்து வடிவங்களுட் சில. நிரல் அறியாத ஒருவரும் வாசித்துத் திருத்தக்கூடியது என்பதே அமைவுக் கோப்பின் சிறப்பு. தேர்தற் சட்டத்தைப் பொறுத்தவரை இச்சிறப்பு சாதாரணமானதன்று. வாக்காளன் வாசிக்கக்கூடிய விதியும் கணினி நிறைவேற்றும் விதியும் ஒன்றேயாகிவிடுகின்றன.

ஒரே தொகுதியாக முழு நாட்டையும் கொண்டு நடத்தப்படும் தேர்தலுக்கு இத்தகைய கோப்பு ஐந்தாறு வரிகளில் அடங்கிவிடும். இலங்கைப் பாராளுமன்றத் தேர்தல் அத்தகையதன்று. அது 22 தனித்தனித் தேர்தல்களும், அவற்றின் மேல் நிற்கும் 23 ஆவது கணிப்பான தேசியப் பட்டியலும் சேர்ந்த ஒரு கூட்டு. ஆகவே கோப்பு மர வடிவில் அமைகின்றது. அடியில் 160 வாக்கெடுப்புப் பிரிவுகள், அவற்றின் மேல் 22 தேர்தல் மாவட்டங்கள், அவற்றின் மேல் 9 மாகாணங்கள், உச்சியில் நாடு. இந்த 160 என்ற எண்ணுக்கும் ஒரு வரலாறு உண்டு. 1977 ஆம் ஆண்டுத் தேர்தலில் இவையே உறுப்பினரைத் தெரிவுசெய்த தொகுதிகளாக இருந்தன. சில தொகுதிகள் இரண்டும் மூன்றும் உறுப்பினரைத் தெரிவுசெய்தமையால் 168 பேர் தெரிவாயினர். அவருள் 140 பேர், 50.9 சதவீத வாக்குகளைப் பெற்ற ஐக்கிய தேசியக் கட்சியினர், 29.7 சதவீத வாக்குகளைப் பெற்ற சிறீ லங்கா சுதந்திரக் கட்சிக்குக் கிடைத்தவை 8 ஆசனங்களே. இன்று அத்தொகுதிகள் வாக்குகளை எண்ணி அறிவிக்கும் அலகுகளாக மட்டுமே எஞ்சியுள்ளன. கோப்பில் அவற்றுக்குப் பெயர் உண்டு, ஆசனம் இல்லை.

மரத்தின் கிளைகளைப் பெயரிடுவதிலேயே முதற் சிக்கல் தோன்றுகின்றது. நிருவாக மாவட்டங்கள் 25, தேர்தல் மாவட்டங்கள் 22. கிளிநொச்சி தனியொரு நிருவாக மாவட்டமாயினும் யாழ்ப்பாணத் தேர்தல் மாவட்டத்தின் 11 பிரிவுகளுள் ஒன்று. மன்னார், வவுனியா, முல்லைத்தீவு ஆகிய மூன்று நிருவாக மாவட்டங்களும் வன்னி என்ற ஒரே தேர்தல் மாவட்டத்துள் அடங்குவன. அம்பாறை நிருவாக மாவட்டம் தேர்தற் பதிவேட்டில் திகாமடுல்ல என வழங்குகின்றது. சனத்தொகைக் கணக்கெடுப்பின் தரவுகளைத் தேர்தல் தரவுகளோடு இணைக்க விழையும் ஆய்வாளர் பலர் இடறி விழும் இடம் இதுவே.

பெயருக்குப் பதிலாக இலக்கத்தை இட்டால் சிக்கல் தீரும் என எண்ணலாம். தேர்தல் மாவட்டங்களுக்கு 1 முதல் 22 வரை இலக்கமுண்டு. யாழ்ப்பாணம் 10 ஆவது. வரிசை அழகாக அமையட்டும் எனக் கருதி மூன்று இலக்கத்தில் 010 என எழுதியிருந்தோம். பழைய யாமல் வாசிப்பான்கள் பூச்சியத்திற் தொடங்கும் எண்ணை எட்டின் அடியில் எழுதப்பட்டதாகக் கொண்டு அதனை 8 என வாசிக்கும். எட்டாவது மாவட்டம் மாத்தறை! பருத்தித்துறையில் அளிக்கப்பட்ட வாக்குகள் தெவிநுவரையின் வாக்குகளோடு சேர்ந்து நின்றதைக் கண்டபோதே இது எமக்குப் புலனாயிற்று. நோர்வே நாட்டின் ஈரெழுத்துக் குறியீடு ஆங்கிலத்தில் 'இல்லை' எனும் சொல்லை ஒத்திருப்பதால் அதே வாசிப்பான்கள் அந்நாட்டையே 'பொய்' என வாசித்த கதையும் நிரலாளரிடையே பிரசித்தமானது. குறியீடுகளை மேற்கோட் குறிக்குள் எழுதுதல் இதற்குரிய எளிய பரிகாரம்.

இனி ஆசனங்களை நோக்குவோம். யாழ்ப்பாணத்துக்கு 6 என ஒரு வரியில் எழுதிவிட்டு அப்பாற் செல்லலாமா? 2010 இல் அவ்வெண் 9 ஆக இருந்தது. 2015 இலும் 2020 இலும் 7 ஆயிற்று. 2024 இல் 6 ஆயிற்று. எவரும் சட்டத்தைத் திருத்தவில்லை; வாக்காளர் இடாப்பே மாறியது. மாவட்டங்களிலிருந்து தெரிவாகும் 196 உறுப்பினருள் 36 பேர் மாகாணத்துக்கு நால்வர் வீதம் பங்கிடப்படுவர். எஞ்சிய 160 பேர் பதிவுசெய்யப்பட்ட வாக்காளர் தொகைக்கேற்ப மாவட்டங்களுக்குப் பகிரப்படுவர். 2024 இல் நாட்டின் பதிவான வாக்காளர் 17,140,354 பேர். அதனை 160 ஆல் வகுக்க 107,127 சொச்சம் வருகின்றது. யாழ்ப்பாணத்தின் 593,187 வாக்காளரை இதனால் வகுப்பின் ஐந்தும் அரைக்குச் சற்று மேற்பட்ட பின்னமும். வன்னியின் 306,081 வாக்காளரை வகுப்பின் இரண்டும் முழுமையை அணுகும் பெரியதொரு பின்னமும். ஆயினும் இரு மாவட்டங்களுக்கும் கிடைத்தவை ஆறு ஆறு ஆசனங்களே. வாக்காளர் தொகையினால் வன்னி மூன்றுக்கு மேற் பெறவியலாது. ஆகவே வடமாகாணத்துக்குரிய நான்கில் மூன்று வன்னிக்கும் ஒன்று யாழ்ப்பாணத்துக்கும் உரியன என்பது கணக்கிலிருந்தே பெறப்படும். ஐந்தும் ஒன்றும் ஆறு. மூன்றும் மூன்றும் ஆறு.

இங்கு எமது துணிபு யாதெனில், கோப்பில் விடையையும் வழியையும் ஒருங்கே எழுதுதல் வேண்டும் என்பதாகும். '6' என்ற அறிவிக்கப்பட்ட எண்ணும் இருக்கட்டும். அதனைப் பிறப்பித்த வாக்காளர் தொகையும் மாகாணப் பங்கும் இருக்கட்டும். இரண்டும் பொருந்துகின்றனவா என நிரல் ஒவ்வொரு முறையும் பார்த்துக்கொள்ளட்டும். இரட்டிப்பு வேலை என நிரலாளர் சிலர் இதனை ஏற்பதில்லை. ஆனால் போரும் இடப்பெயர்வும் புலப்பெயர்வும் ஒரு மாவட்டத்தின் இடாப்பை எவ்வாறு மெலியச் செய்தன என்பதை, அறிவிக்கப்பட்ட எண்ணை மட்டும் வைத்திருக்கும் கோப்பு ஒருபோதும் காட்டமாட்டாது.

வாக்கைக் கணிக்கும் விதிகளுக்கு வருவோம். வாசகரின் வசதிக்காக, யாழ்ப்பாணத்துக்குரியனவும் நாட்டுக்குப் பொதுவானவையுமான வரிகளை ஒன்றாக்கி எமது கோப்பின் ஒரு பகுதியைத் தருகின்றோம்:

மாவட்டம்: யாழ்ப்பாணம்
மாகாணம்: வடக்கு
வாக்கெடுப்புப் பிரிவுகள்: 11
பதிவான வாக்காளர்: 593187
ஆசனங்கள்: 6
முதலிடத்துக்குரிய ஆசனம்: 1
வெட்டுப்புள்ளி: 1/20
வகுத்தியை முழுமையாக்கல்: மேல்நோக்கி
எஞ்சிய ஆசனங்கள்: மிகப்பெரிய மீதி
சமநிலை: திருவுளச்சீட்டு

இவற்றின் பொருள் வருமாறு. மாவட்டத்தில் அதிக வாக்குகளைப் பெற்ற கட்சிக்கு ஓர் ஆசனம் முதலிலேயே ஒதுக்கப்படும். பேச்சு வழக்கில் இதனைப் போனஸ் ஆசனம் என்பர். இருபதில் ஒன்றுக்குக் குறைவான வாக்குகளைப் பெற்ற கட்சிகளும் குழுக்களும் நீக்கப்படும்; அவற்றின் வாக்குகளும் மொத்தத்திலிருந்து கழிக்கப்படும். எஞ்சிய வாக்குத்தொகை, ஆசனங்களின் தொகையில் ஒன்று குறைத்த எண்ணால் வகுக்கப்படும். பின்னம் வரின் அடுத்த முழு எண் கொள்ளப்படும். இவ்வாறு பெறப்படும் எண்ணே வகுத்தி. ஒவ்வொரு கட்சியின் வாக்கிலும் அவ்வகுத்தி எத்தனை முறை முழுமையாக அடங்குகின்றதோ அத்தனை ஆசனங்கள் அதற்குரியன. ஆசனங்கள் மேலும் எஞ்சின், அவை மீதி வாக்குகளின் பருமன் வரிசையில் வழங்கப்படும். வாக்குகள் சமமாகி ஒரு வாக்கினால் முடிவு மாறக்கூடிய நிலை எழின் திருவுளச்சீட்டே தீர்க்கும். ஒரு கட்சிக்குரிய ஆசனங்களில் எவர் அமர்வார் என்பது விருப்பு வாக்குகளைப் பொறுத்தது. அது கட்சிக்குட்பட்ட வேறொரு கணக்கு.

2024 இல் யாழ்ப்பாணத்தில் அளிக்கப்பட்ட 358,079 வாக்குகளுள் 32,767 நிராகரிக்கப்பட்டன, செல்லுபடியானவை 325,312. அதன் இருபதில் ஒன்று 16,265 சொச்சம். அதனைத் தாண்டியவை மேற்கூறிய நான்கு பட்டியல்களோடு, 22,513 வாக்குகளைப் பெற்ற ஜனநாயகத் தமிழ்த் தேசியக் கூட்டணியும், 17,730 வாக்குகளைப் பெற்ற ஈழ மக்கள் ஜனநாயகக் கட்சியும். இவ்வாறின் கூட்டுத்தொகை 240,241. ஒரு கணம் இவ்விடத்திற் தரித்து நோக்குதல் தகும். கழிக்கப்பட்ட வாக்குகள் 85,071. முதலிடம் பெற்ற கட்சியின் வாக்குகளிலும் பார்க்க இத்தொகை பெரிது. நான்கு பேருக்கு ஒருவருக்கு மேற்பட்டோர் இட்ட புள்ளடி, கணிப்புத் தொடங்குமுன்னரே கணக்கிலிருந்து அகன்றுவிடுகின்றது.

240,241 ஐ 5 ஆல் வகுத்து மேல்நோக்கி முழுமையாக்க 48,049 வருகின்றது. தேசிய மக்கள் சக்திக்கு ஒன்று, மீதி 32,781. தமிழரசுக் கட்சிக்கு ஒன்று, மீதி 15,278. ஏனையவற்றுக்கு முழுமையாக எதுவும் இல்லை. அவற்றின் வாக்குகள் யாவும் மீதியாகவே நிற்கின்றன. முதலிடத்துக்குரிய ஆசனத்தோடு மூன்று போக, எஞ்சியவை மூன்று. மீதி வரிசையில் அவை தேசிய மக்கள் சக்திக்கும் (32,781), தமிழ்க் காங்கிரசுக்கும் (27,986), சுயேச்சைக் குழுவுக்கும் (27,855) செல்கின்றன. ஆகவே மூன்று, ஒன்று, ஒன்று, ஒன்று. தமிழரசுக் கட்சி தனது ஒரே ஆசனத்துக்கு 48,049 வாக்குகளைச் செலவிட்டது. சுயேச்சைக் குழுவோ 27,855 உடன் அதே விலைப்பொருளை வாங்கிற்று. மிகப்பெரிய மீதி முறையின் இயல்பே இது. அது இடைத்தரக் கட்சியிலும் பார்க்கச் சிறு கட்சியின்பாற் கருணை கொண்டது.

எமது முதல் வரைவில் 'முதலிடத்துக்குரிய ஆசனம்' என்னும் வரி விடுபட்டுப் போயிற்று. நிரல் எவ்விதத் தடங்கலுமின்றி ஓடி விடை தந்தது. வகுத்தி 40,041 ஆயிற்று. தேசிய மக்கள் சக்திக்கு இரண்டு, தமிழரசுக் கட்சிக்கு இரண்டு, ஏனைய இருவருக்கும் தலா ஒன்று. வாக்கு விகிதத்தோடு ஒப்பிடுகையில் இவ்விடை மிகவும் இயல்பாகத் தோன்றியமையால் அதனைப் பிழையென ஐயுற எமக்குத் தோன்றவில்லை. அறிவிக்கப்பட்ட பெறுபேற்றோடு ஒத்துப் பார்த்தபோதே ஓர் ஆசனம் இடம் மாறியிருத்தல் தெரிந்தது. அப்பிழையே எமக்கு ஒரு வழியைக் காட்டிற்று. வாக்குகளை அசையாமல் வைத்துக்கொண்டு, கோப்பின் வரிகளை ஒவ்வொன்றாக மாற்றினால் என்ன?

வெட்டுப்புள்ளியை எட்டில் ஒன்றாக மாற்றினோம். இது கற்பனைப் பெறுமானமன்று. 1978 ஆம் ஆண்டு அரசியலமைப்பு முதலில் விதித்தது எட்டில் ஒன்றையே. 1988 இல் 15 ஆவது திருத்தம் அதனை இருபதில் ஒன்றாக்கியது. விகிதாசார முறையிலான முதலாவது பாராளுமன்றத் தேர்தல் 1989 பெப்ருவரியிலேயே நடைபெற்றமையால் எட்டில் ஒன்று எந்தப் பாராளுமன்றத்தையும் உருவாக்காமலே மறைந்தது. 2024 இன் வாக்குகளில் அது இருந்திருப்பின் எல்லை 40,664 ஆகும். இரண்டே கட்சிகள் எஞ்சும். தேசிய மக்கள் சக்திக்கு நான்கு, தமிழரசுக் கட்சிக்கு இரண்டு. வெட்டுப்புள்ளியை முற்றாக நீக்கினோம். வகுத்தி 65,063 ஆக உயர்ந்தது. தேசிய மக்கள் சக்திக்கு இரண்டும், தமிழரசுக் கட்சிக்கும் காங்கிரசுக்கும் சுயேச்சைக் குழுவுக்கும் ஜனநாயகத் தமிழ்த் தேசியக் கூட்டணிக்கும் தலா ஒன்றும் கிடைத்தன. இதிற் கூர்ந்து நோக்கத்தக்கது ஒன்றுண்டு. கூட்டணி வெட்டுப்புள்ளியை ஏற்கெனவே தாண்டிய கட்சி. பிற சிறு பட்டியல்களின் வாக்குகள் கழிக்கப்பட்டமையால் வகுத்தி தாழ்ந்து, முதற் கட்சியின் மீதி பெருத்து, அதன் மூலம் தனக்குரியதாகக்கூடிய ஆசனத்தை அது இழந்தது. வெட்டுப்புள்ளி வெட்டப்பட்டோரை மட்டுமே பாதிக்கின்றது என்ற பொதுவான எண்ணம் இவ்வகையிற் தவறாகின்றது.

மூன்றாவதாக, விதிகளை உள்ளவாறே விட்டு ஆசனத் தொகையை மட்டும் 2020 இல் இருந்தவாறு 7 ஆக்கினோம். விடை மூன்று, இரண்டு, ஒன்று, ஒன்று. அதாவது, இதே வாக்குகளைக் கொண்டு நோக்கின், இடாப்பு மெலிந்ததால் யாழ்ப்பாணம் இழந்த ஏழாவது ஆசனம் தமிழரசுக் கட்சியின் இரண்டாவது ஆசனமே.

இக்கணிப்புகளை அளவுக்கு மீறி நம்புதல் ஆகாது. விதி மாறின் கூட்டணிகளும் மாறும். வாக்காளன் சிந்திக்கும் முறையும் மாறும். வேட்புமனுவில் நிற்போரின் தொகையே மாறிவிடும். 'இவ்வாறு நடந்திருக்கும்' எனக் கூறுதற்கு இவை சான்றாகா. அளிக்கப்பட்ட அதே வாக்குகளின் மீது விதியின் எச்சொல் எவ்வளவு பாரத்தைச் சுமத்துகின்றது என்பதை அளக்கவே இவை உதவும். முதலிடத்துக்குரிய ஆசனம் குறித்த ஒரு கட்சிக்கென வகுக்கப்பட்டதும் அன்று. அதே தேர்தலில் 21 மாவட்டங்களில் அது தேசிய மக்கள் சக்திக்குச் சென்றதாயினும், மட்டக்களப்பில் அதனைப் பெற்றது தமிழரசுக் கட்சியே. அங்கு ஐந்தில் மூன்று ஆசனங்கள் அதற்குக் கிடைத்தன. வடக்கிற் குறைபட்டுக்கொள்வோர் கிழக்கின் கணக்கையும் சேர்த்தே பேசுதல் நேர்மையாகும்.

முன்னர் தந்த பகுதியின் இறுதி ஐந்து வரிகளும் உண்மையில் மாவட்டத்தின் கீழ் எழுதப்பட வேண்டியவை அல்ல. அவை நாட்டுக்குப் பொதுவான விதிகள். 22 மாவட்டங்களின் கீழும் அவற்றைத் திரும்பத் திரும்ப எழுதினால், திருத்தம் வரும்போது 22 இடங்களில் மாற்ற வேண்டும். இருபத்தோரிடத்தில் மாற்றி ஓரிடத்தில் மறப்பது மனித இயல்பு. பொது விதியை உச்சியில் ஒருமுறை எழுதி, கிளைகள் அதனை மரபுரிமையாகப் பெறுமாறு செய்தலே முறை. விதிக்குக் காலமும் உண்டு. ஒவ்வொரு பெறுமானத்தோடும் அது எத்திருத்தத்தால் எவ்வாண்டு வந்தது என்ற குறிப்பு இருத்தல் வேண்டும். ஜேசன் வடிவம் குறிப்புரைக்கு இடந்தருவதில்லை; யாமல் இடந்தருகின்றது. அதன் ஏனைய தொல்லைகளைப் பொறுத்துக்கொண்டு நாம் யாமலைத் தெரிந்தமைக்கு இதுவே காரணம்.

இருபதில் ஒன்று என்பதை 0.05 என எழுதுவதும் தவிர்க்கத்தக்கது. துவித எண்முறையில் இயங்கும் கணினி அப்பெறுமானத்தைச் சரிநுட்பமாகச் சேமிக்கவியலாது. சட்டமோ இருபதில் ஒன்றிலும் குறைவாகப் பெற்றோரையே நீக்குகின்றது. சரியாக இருபதில் ஒன்றைப் பெற்றவர் உள்ளே நிற்பவர். பின்னமாகவே எழுதி, வாக்கை இருபதாற் பெருக்கி மொத்தத்தோடு ஒப்பிடின் இவ்விடர் எழாது.

சுயேச்சைக் குழுக்கள் வேறொரு பொறியை வைத்துள்ளன. யாழ்ப்பாணத்தின் 17 ஆம் இலக்கக் குழுவும் வேறொரு மாவட்டத்தின் 17 ஆம் இலக்கக் குழுவும் ஒன்றுக்கொன்று தொடர்பற்றவை. இலக்கத்தை மட்டும் அடையாளமாகக் கொண்ட கோப்பு, நாடளாவிய கூட்டலின்போது இல்லாததொரு தேசியக் கட்சியைப் பிறப்பித்துவிடும். மறுபுறத்தில் ஒரே கட்சி பல முகங்களோடு தோன்றுவதும் உண்டு. சிறீ லங்கா முஸ்லிம் காங்கிரஸ் 2024 இல் மட்டக்களப்பிலும் திகாமடுல்லவிலும் தனித்துப் போட்டியிட்டது. கண்டியில் அதன் தலைவர் ஐக்கிய மக்கள் சக்தியின் பட்டியலில் நின்று தெரிவானார். ஆகவே 'கட்சி' என்பதற்கும் 'மாவட்டப் பட்டியல்' என்பதற்கும் தனித்தனிப் பதிவேடுகள் தேவை. வாக்குகள் பட்டியலுக்கே அளிக்கப்படுகின்றன, கட்சிக்கல்ல.

தேசியப் பட்டியலுக்கு விதிகள் வேறு. 1988 ஆம் ஆண்டின் 14 ஆவது திருத்தத்தாற் சேர்க்கப்பட்ட 29 ஆசனங்களுக்கு வெட்டுப்புள்ளியுமில்லை, முதலிடப் பரிசுமில்லை. 2024 இன் செல்லுபடியான 11,148,006 வாக்குகளை 29 ஆல் வகுக்க 384,414 வந்தது. நாடளாவிய ரீதியில் 87,038 வாக்குகளே பெற்ற முஸ்லிம் காங்கிரசுக்கு மீதி வரிசையில் ஓர் ஆசனம் கிடைத்தது. மாவட்டங்களில் நீக்கப்பட்ட வாக்குகள் இம்மட்டத்தில் மீண்டும் உயிர் பெறுகின்றன என்பது மனங்கொள்ளத்தக்கது. கோப்பைப் பொறுத்தவரை, விதிகள் நாட்டுக்கு ஒன்றாயன்றி மட்டத்துக்கு ஒன்றாக எழுதப்பட வேண்டும் என்பதே இதன் பொருள். இரு மட்டங்களையும் கூட்டிப் பார்க்கையில், 61.56 சதவீத வாக்குகளைப் பெற்ற தேசிய மக்கள் சக்தி 225 இல் 159 ஆசனங்களை, அதாவது 70 சதவீதத்துக்குச் சற்று மேலாகப் பெற்றது. 1977 இன் விகாரத்தோடு ஒப்பிடின் இது சிறியது. ஆயினும் மூன்றில் இரண்டு என்ற எல்லையைத் தாண்டியது.

இதே மர வடிவம் ஏனைய தேர்தல்களுக்கும் பயன்படுமா எனச் சோதித்தோம். 1988 ஆம் ஆண்டு மாகாண சபைத் தேர்தல் சட்டத்துக்கு அது இலகுவிற் பொருந்திற்று. அங்கு முதலிடப் பரிசு மாவட்டத்திலிருந்து மாகாண மட்டத்துக்கு ஏறி இரண்டு ஆசனங்களாகின்றது, அவ்வளவே. 2018 பெப்ருவரியில் முதன்முறை நடைமுறைக்கு வந்த கலப்பு முறையிலான உள்ளூராட்சித் தேர்தல் எம்மைச் சற்றுத் திணறச் செய்தது. அதில் ஒரு கட்சி தனது பங்கிலும் கூடிய வட்டாரங்களை வெல்லின் அவற்றை அது வைத்துக்கொள்ளும். சபையின் ஆசனத் தொகையே பெருகும். 'ஆசனங்கள்' என்பது நாம் எழுதிக் கொடுக்கும் பெறுமானமாக இல்லாமல் கணிப்பின் முடிவிற் பிறக்கும் பெறுமானமாகிவிடுகின்றது. அதற்கெனத் தனியான புலமொன்றைச் சேர்த்தோம்.

மாகாண சபைகளுக்கான 2017 ஆம் ஆண்டின் திருத்தச் சட்டத்தையும் கோப்பில் எழுதினோம். பாதி தொகுதி முறை, பாதி விகிதாசாரம் என்ற விதிகள் யாவும் ஒழுங்காகவே அமைந்தன. தொகுதிகளின் பெயரும் எல்லையும் இடம்பெற வேண்டிய அட்டவணையை நிரப்ப முற்பட்டபோதுதான், நிரப்புவதற்கு எதுவுமில்லை எனக் கண்டோம். எல்லை நிர்ணயக் குழு தயாரித்த அறிக்கை 2018 ஆகத்து மாதத்திற் பாராளுமன்றத்தால் நிராகரிக்கப்பட்டது. பழைய விதியைப் புதிய சட்டம் அகற்றிவிட்டது. புதிய விதியோ வெறுமையானதோர் அட்டவணையைச் சுட்டி நின்றது. அதன் பின்னர் பதவிக்காலம் முடிவுற்ற மாகாண சபைகள் ஆண்டுக்கணக்காகத் தேர்தலின்றிக் கிடந்தன. எமது நிரல் அக்கோப்பை வாசித்து, வடமாகாணத்தில் தொகுதிகள் பூச்சியம் என அறிவித்துவிட்டு நின்றது. அவ்வரியை நாம் திருத்தாமல் அப்படியே விட்டுள்ளோம்.